அமெரிக்காவில் கருக்கலைப்பு எப்படி மதச் சண்டையாகவும் தேர்தல் சண்டையாகவும் ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸுக்குப் பக்கத்தில் ஒரு புறநகரில் பல வருஷமாக இருக்கிறோம். ஒரு ஜனவரியில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். காலையில் நடக்கப் போனவர், தெருமுனை சர்ச் புல்வெளியில் முழங்கால் உயரத்துக்குச் சின்னச் சின்ன வெள்ளைச் சிலுவைகள் வரிசை வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, இத்தனை பேர் ஒரே நேரத்துல செத்தாங்களா, ஏதாவது விபத்தா?" என்று பதறிப்போனார். கலைக்கப்பட்ட கருக்களின் நினைவாக வருஷா வருஷம் இந்த மாதம் வைப்பார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து டிவியில் தேர்தல் விவாதம் ஓடும்போது மறுபடியும் அதே பேச்சு வரவும், "சரி, சாமி விஷயம்னா சாமி விஷயம். இதுக்கும் ஓட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் நிறையப் படித்தேன். இங்கே வந்து சேரும் நம் ஆட்களும் வாட்ஸ்அப் குழுக்களில் திரும்பத் திரும்ப இதையேதான் கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது ஆதிகாலத்திலிருந்தே இருக்கிற சண்டைதானே?

இல்லை. அமெரிக்கா சுதந்திரம் அடைந்த காலத்தில் அங்கே நடப்பில் இருந்தது இங்கிலாந்திலிருந்து வந்த பொதுச்சட்டம். அதில் கோடு ஒரே இடத்தில்தான் இருந்தது. வயிற்றில் பிள்ளை துடிப்பது தாய்க்குத் தெரிந்ததா இல்லையா என்பதுதான் அது. சுமாராக நாலு, ஐந்து மாதம் ஆகும். அதற்கு முன்னால் கலைப்பது குற்றமாகக் கருதப்படவில்லை. துடிப்பு தெரிந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தப் பெண்தான் என்பதால், நடைமுறையில் முதல் சில மாதங்கள் அவள் கையில்தான் இருந்தன.

"மாதவிலக்கு நின்றுபோச்சு, அடைப்பை எடுக்கணும்" என்றுதான் அப்போது பேசினார்கள். நம் ஊர்ப் பாட்டிகள் பப்பாளிக்காய், எள்ளு என்று சொல்வது போல அங்கே டான்சி, பென்னிராயல் என்று மூலிகைகள். 1840களில் செய்தித்தாள்களிலேயே இதற்கு மாத்திரை விளம்பரம் வரும். நியூயார்க்கில் மேடம் ரெஸ்டல் என்ற பெயரில் தொழில் நடத்திய ஆன் லோமன் ஐந்தாவது அவென்யூவில் மாளிகை கட்டும் அளவுக்குச் சம்பாதித்தார். 1821ல் கனெக்டிகட் மாநிலம் போட்ட முதல் சட்டம்கூட, துடிப்பு தெரிந்த பிறகு விஷ மருந்து கொடுத்துக் கலைப்பதைத்தான் தடுத்தது. அந்த மருந்துகள் பெண்களையே கொன்றுகொண்டிருந்தன.

அப்படியென்றால் முழுத்தடை கேட்டு முதலில் கிளம்பியது பாதிரியார்களா?

டாக்டர்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அமெரிக்க மருத்துவச் சங்கம் 1847ல் ஆரம்பித்தது. அந்தக் காலத்தில் இன்றைக்கு இருப்பது போல மருத்துவத்துக்கு லைசென்ஸ் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. மருத்துவச்சி, மூலிகை வியாபாரி, ஹோமியோபதிக்காரர், கல்லூரியில் படித்த டாக்டர் எல்லோரும் ஒரே நோயாளிக்குப் போட்டி போட்டார்கள். 1857ல் பாஸ்டனைச் சேர்ந்த ஹொரேஷியோ ஸ்டோரர் என்ற இளம் மகப்பேறு டாக்டர் ஒரு இயக்கத்தைத் தொடங்கினார். 1859ல் சங்கம் தீர்மானம் போட்டது. கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கலைப்பது குற்றமாக வேண்டும், தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் டாக்டர் முடிவு செய்யலாம் என்றார்கள்.

அவர்களிடம் உண்மையான மருத்துவ வாதமும் இருந்தது. கரு படிப்படியாக வளர்கிறது, நாலாம் மாதத் துடிப்பில் புதிதாக எதுவும் நடந்துவிடுவதில்லை என்று கருவியல் காட்டியது. அது சரிதான். ஆனால் கூடவே இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று, மருத்துவச்சிகளைத் தொழிலிலிருந்து வெளியேற்றுவது. இன்னொன்று, இன பயம். அயர்லாந்திலிருந்து கத்தோலிக்கர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் வீட்டில் நிறையப் பிள்ளைகள், புராட்டஸ்டண்ட் மனைவிகளோ குறைவாகப் பெறுகிறார்கள். மேற்கே திறந்து கிடக்கும் நிலமெல்லாம் நம் பிள்ளைகளால் நிரம்புமா, அந்நியர் பிள்ளைகளால் நிரம்புமா என்று ஸ்டோரர் வெளிப்படையாகவே எழுதினார். அந்தச் சமயத்தில் புராட்டஸ்டண்ட் போதகர்கள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று டாக்டர்கள் புலம்பியதும் பதிவாகியிருக்கிறது.

1880க்குள் ஏறக்குறைய எல்லா மாநிலத்திலும் தடை வந்துவிட்டது. இடையில் 1873ல் ஆந்தனி காம்ஸ்டாக் என்பவர் பெயரால் அழைக்கப்படும் மத்தியச் சட்டம், கருத்தடை, கருக்கலைப்புச் சாதனங்களைத் தபாலில் அனுப்புவதையே குற்றமாக்கியது. அதே காம்ஸ்டாக் 1878ல் வாடிக்கையாளர் போல வேஷம் போட்டுப் போய் மேடம் ரெஸ்டலைக் கைது செய்ய வைத்தார். வழக்கு விசாரணைக்கு வரவேண்டிய நாள் காலையில் அந்த அம்மாள் தன் வீட்டுக் குளியல் தொட்டியில் கழுத்தறுத்து இறந்து கிடந்தார். அந்த 1873 சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து இன்றைய கருக்கலைப்பு மாத்திரைகளைத் தடுக்கலாம் என்று இன்றைக்கும் சிலர் கேட்கிறார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபை எப்போதும் ஒரே நிலைப்பாட்டில்தானே இருந்தது?

பாவம் என்பதில் ஆரம்பத்திலிருந்தே மாற்றமில்லை. எவ்வளவு பெரிய பாவம், கொலைக்குச் சமமா என்பதில் மாற்றம் உண்டு. அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கருவுக்குள் மனித ஆன்மா வர நாளாகும் என்று தாமஸ் அக்குவினாஸ் உட்படப் பலரும் நினைத்தார்கள். ஆண் கருவுக்கு 40 நாள், பெண் கருவுக்கு அதில் இரண்டு மடங்கோ அதற்கும் மேலோ. 1588ல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் எல்லாக் கட்டத்துக்கும் ஒரே கடும் தண்டனை என்றார். மூன்றே வருஷத்தில் போப் பதினான்காம் கிரகோரி அதைத் தளர்த்தினார். 1869ல் போப் ஒன்பதாம் பயஸ் அந்த வித்தியாசத்தை எடுத்துவிட்டார். கருத்தரித்த கணத்திலிருந்து முழு உயிர் என்று இன்றைக்கு நாம் கேட்கும் உறுதியான போதனை இந்த வழியாக வந்ததுதான்.

பைபிளில் என்னதான் சொல்லியிருக்கிறது?

கருக்கலைப்பு கூடாது என்று நேரடியாக ஒரு வசனம் கிடையாது. கூடும் என்றும் கிடையாது. எதிர்ப்பவர்கள் எரேமியா 1:5ஐச் சொல்வார்கள்: "நான் உன்னைத் தாயின் வயிற்றில் உருவாக்குமுன்னே உன்னை அறிந்தேன்." கூடவே சங்கீதம் 139. மறுபக்கத்தில் யாத்திராகமம் 21:22ஐச் சொல்வார்கள். சண்டை போடும் ஆண்கள் கர்ப்பிணியை இடித்துக் கரு வெளியே வந்துவிட்டால் அபராதம் கட்டவேண்டும், தாய்க்குச் சேதம் வந்தால் உயிருக்கு உயிர் என்கிறது அந்தச் சட்டம். குறைப்பிரசவமா, கருச்சிதைவா என்று அந்த வரியின் மொழிபெயர்ப்பிலேயே தகராறு இருக்கிறது. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா, பிரசவத்தில் தாயின் உயிர் ஊசலாடினால் கருவை எடுத்துவிடலாம், தாயின் உயிரே முதலில் என்கிறது. அதனால்தான் ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு யூத ரபிகள் பலர் ஒரு பக்கமும் பாப்டிஸ்ட் போதகர்கள் மறுபக்கமும் நிற்கிறார்கள்.

ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும். ஒரு செயலைப் பாவம் என்பது வேறு. அதைக் குற்றம் என்று ஜெயிலில் போடுவது வேறு. அதை வைத்தே நீ எந்தக் கட்சி என்று அடையாளம் பார்ப்பது மூன்றாவது விஷயம். முதலாவது ரொம்பப் பழசு, இரண்டாவதற்கு நூற்றைம்பது வருஷம்தான் ஆகிறது, மூன்றாவது என் அம்மாவின் வயசைவிடச் சின்னது.

தடை இருந்த காலத்தில் என்ன நடந்தது? மறுபடி பேச்சு எப்படிக் கிளம்பியது?

கலைப்பு நிற்கவில்லை, மறைவுக்குப் போனது. பணமிருந்தவர்களுக்குத் தெரிந்த டாக்டர் இருந்தார். இல்லாதவர்கள் குச்சி, சோப்புத் தண்ணீர், தெரியாத ஆளின் சமையலறை மேஜை. சிகாகோவின் குக் கவுன்ட்டி மருத்துவமனையில் இப்படிச் சீழ் பிடித்து வருபவர்களுக்கென்றே தனி வார்டு இருந்தது. இறந்தவர்களில் கறுப்பினப் பெண்களும் ஏழைகளும் அதிகம்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ஒரு டிவி தொகுப்பாளினியின் கதை. 1962, அரிசோனா. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஷெரி ஃபிங்க்பைனுக்கு ஏற்கெனவே நாலு பிள்ளைகள், ஐந்தாவதாகக் கர்ப்பம். கணவர் ஐரோப்பாவிலிருந்து வாங்கிவந்த தூக்க மாத்திரையைச் சாப்பிட்டிருந்தார். அது தாலிடமைட். கை கால் இல்லாமல் குழந்தைகள் பிறக்கக் காரணமான மருந்து. மருத்துவமனை சத்தமில்லாமல் கலைக்கச் சம்மதித்திருந்தது. மற்ற பெண்களும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று அவர் ஒரு பத்திரிகையாளரிடம் சொல்ல, அது முதல் பக்கச் செய்தியாக, மருத்துவமனை பின்வாங்கிவிட்டது. கடைசியில் சுவீடன் போய்த்தான் கலைத்தார். வேலையும் போனது. மற்றவர்களுக்கு நல்லது செய்யப்போய் இத்தனையும் பட்டார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும். ஆனால் ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தாயின் முகம் அந்தப் பேச்சுக்குக் கிடைத்துவிட்டது. 1964, 65ல் ரூபெல்லா அம்மை பரவிக் குழந்தைகளைப் பாதித்தபோது டாக்டர்களே சட்டத்தை மாற்றச் சொன்னார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் தடை கேட்ட அதே தொழில்.

1967ல் கொலராடோ முதலில் சட்டத்தைத் தளர்த்தியது. ஆளுநர், இன்று கலைப்பை எதிர்க்கும் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அதே வருஷம் கலிபோர்னியாவில் தளர்த்தும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர், அப்போது அங்கே ஆளுநராக இருந்து பின்னால் அதிபரான ரொனால்ட் ரீகன். அவரும் அதே கட்சி.

1970ல் நியூயார்க் சட்டமன்றத்தில் ஏதோ நாடகம் நடந்தது என்கிறார்களே?

இந்த முழுக்கதையிலும் எனக்கு மறக்க முடியாத காட்சி அது. ஏப்ரல் 9. 24 வாரம் வரை கலைப்பை அனுமதிக்கும் மசோதா ஓட்டுக்கு வருகிறது. பெயர்களை வாசித்து முடித்தாகிவிட்டது, மசோதா நூலிழையில் தோற்கப்போகிறது. அப்போது ஆபர்ன் நகரைச் சேர்ந்த ஜார்ஜ் மைக்கேல்ஸ் எழுந்தார். ஜனநாயகக் கட்சி, யூதர், தொகுதியோ கத்தோலிக்கர் நிறைந்தது. கட்சிக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தார். வீட்டில் சொந்தப் பிள்ளைகளே அவரைச் சும்மா விடவில்லை. மைக்கைப் பிடித்த கை நடுங்குகிறது. என் அரசியல் வாழ்க்கையை இத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன், இந்த மசோதாவைத் தோற்கடித்த ஓட்டு என்னுடையதாக இருக்க என் மனசாட்சி இடம் தரவில்லை, என் ஓட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து தலையைக் கையில் புதைத்துக்கொண்டார். மசோதா நிறைவேறியது. அவர் சொன்னபடியே நடந்தது, கட்சி அவருக்கு அடுத்த முறை சீட் தரவில்லை, அப்புறம் அவர் ஜெயிக்கவே இல்லை.

கையெழுத்துப் போட்ட ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர், குடியரசுக் கட்சி. இரண்டு வருஷம் கழித்து சட்டமன்றமே அந்தச் சட்டத்தை ரத்து செய்தபோது, அந்த ரத்தைத் தடுத்ததும் அவர்தான்.

சர்ச்சுகள் அப்போது கொதித்தெழவில்லையா?

கத்தோலிக்க ஆயர்கள் எழுந்தார்கள். அவர்கள் பின்னால் போனவர்களில் பலர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், ஏழைகளுக்கு அரசு உதவ வேண்டும், வியட்நாம் போர் வேண்டாம் என்று நினைத்தவர்கள். 1971ல் ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடியேகூட கருவுக்கும் உரிமை உண்டு என்று கடிதம் எழுதியிருக்கிறார்.

புராட்டஸ்டண்டுகள் பக்கம் கதை வேறு. 1967 மே மாதம் நியூயார்க்கில் ஜட்சன் நினைவுச் சர்ச்சின் பாப்டிஸ்ட் போதகர் ஹோவர்ட் மூடியும் இன்னும் இருபது போதகர்களும் ரபிகளும் சேர்ந்து, பாதுகாப்பாகக் கலைக்க வழி தெரியாத பெண்களுக்கு நாங்கள் வழி சொல்கிறோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். நாடு முழுக்க அந்தச் சேவை பரவியது.

இன்னும் ஆச்சரியம், இன்று எதிர்ப்பின் முதுகெலும்பாக இருக்கும் தெற்கு பாப்டிஸ்ட் சபை 1971ல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் போட்ட தீர்மானம். பலாத்காரம், முறைதவறிய உறவு, கருவில் கடுமையான ஊனம், தாயின் உடல், மன, உணர்வு நலத்துக்குச் சேதம் வரக்கூடிய நிலை, இவற்றிலெல்லாம் கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்கு உறுப்பினர்கள் பாடுபட வேண்டும் என்கிறது அது. நாடு முழுக்கக் கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய ரோ தீர்ப்பு 1973ல் வந்த பிறகு, 1974லும் அதை உறுதி செய்தார்கள். அந்தச் சபையின் முன்னாள் தலைவர், எங்கள் டல்லாஸின் மிகப் பெரிய பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் டபிள்யூ. ஏ. கிரிஸ்வெல், குழந்தை பிறந்து தாயை விட்டுத் தனி உயிரான பிறகுதான் தனி மனிதன் என்றே தாம் எப்போதும் நினைத்ததாகச் சொன்னார். பின்னாளில் அவரும் மாறினார், சபையும் மாறியது. கலைப்பு கத்தோலிக்கர்களின் பிரச்சினை என்று அப்போது நினைத்தார்கள், அவ்வளவுதான்.

ரோ வழக்கு என்பது சரியாக என்ன?

டெக்சஸில் 1850களிலிருந்து இருந்த தடையை எதிர்த்த வழக்கு. ஜேன் ரோ என்ற புனைபெயரில் இருந்தவர் நார்மா மெக்கார்வி. வக்கீல்கள் இருவரும் இளம் பெண்கள், லிண்டா காஃபி, சாரா வெடிங்டன். சுப்ரீம் கோர்ட்டில் முதல் முறை வாதாடியபோது வெடிங்டனுக்கு வயது 26. எதிர்த்தரப்பு டல்லாஸ் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஹென்றி வேட். 1973 ஜனவரி 22ல் 7-2 என்று தீர்ப்பு. முதல் மூன்று மாதம் பெண்ணும் டாக்டரும் முடிவு செய்யலாம், அடுத்த கட்டத்தில் அவள் உடல்நலத்துக்காக மட்டும் அரசு விதி போடலாம், கரு வெளியே பிழைக்கக்கூடிய கட்டத்துக்குப் பிறகு தாயின் உயிருக்கோ நலத்துக்கோ ஆபத்து இல்லாதபோது தடுக்கலாம்.

ஆதரித்த ஏழு பேரில் ஐந்து பேரைக் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்திருந்தார்கள். எதிர்த்த இருவரில் ஒருவரான பைரன் வைட்டை நியமித்தவர் ஜனநாயகக் கட்சி அதிபர் கென்னடி. அந்த மாதிரி ஒரு காலம் இருந்தது. மெக்கார்விக்கு அந்தத் தீர்ப்பால் எந்தப் பயனும் இல்லை. வழக்கு முடிவதற்குள் குழந்தை பிறந்து தத்துக் கொடுத்தாகிவிட்டது. பின்னாளில் அவர் எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்தார், சாவதற்கு முன் அதற்குப் பணம் வாங்கியதாகச் சொன்னார். இரண்டு பக்கமும் அந்தப் பெண்ணைக் கொடி போலத்தான் பிடித்தார்கள் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம் கட்சிகள் எப்போது பிரிந்தன?

ஒரே நாளில் இல்லை. 1972ல் கேலப் எடுத்த கருத்துக்கணிப்பில், இதைப் பெண்ணும் டாக்டரும் முடிவு செய்யட்டும் என்றவர்கள் 64 சதவீதம். அதிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள் 68, ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 59. ஆனால் குடியரசுக் கட்சி அதிபர் நிக்சனின் ஆட்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. காலங்காலமாக ஜனநாயகக் கட்சிக்குப் போட்ட கத்தோலிக்க ஓட்டை எப்படி இழுப்பது? 1970ல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நிதி தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே நிக்சன், 1972ல் நியூயார்க் கர்தினாலுக்குக் கடிதம் எழுதித் தளர்வுச் சட்டத்தை எதிர்த்தார்.

இன்னொரு பக்கம் பெண்களுக்குச் சம உரிமை தரும் அரசியல் சாசனத் திருத்தத்தை எதிர்த்து ஃபிலிஸ் ஷ்லாஃப்லி இல்லத்தரசிகளைத் திரட்டினார். அந்தத் திருத்தமும் கலைப்பும் ஒரே மூட்டை என்று அவர் கட்டிக் கொடுத்ததில், குடும்பம் கலைந்துபோகிறதே என்ற பயம் இரண்டுக்கும் பொதுவானது. 1976ல் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி ஹைட் கொண்டுவந்த திருத்தம் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் பணத்தைக் கலைப்புக்குத் தரக்கூடாது என்றது. அதே வருஷம் குடியரசுக் கட்சியின் தேர்தல் அறிக்கையில், கட்சிக்குள் இரண்டு கருத்தும் உண்டு என்ற ஒப்புதலோடு, கருவைக் காக்கும் சாசனத் திருத்தத்துக்கு ஆதரவு நுழைந்தது. அப்போது அதிபர் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு ரோ தீர்ப்பை டிவியிலேயே புகழ்ந்திருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1978 நவம்பர், அயோவா. கலைப்பு உரிமையை ஆதரித்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டிக் கிளார்க் ஜெயித்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு, ஜனங்கள் பூசை முடிந்து வெளியே வந்தால் சர்ச் பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் கலைப்பை எதிர்க்கும் துண்டுப் பிரசுரம் செருகியிருக்கிறது. இரண்டு நாளில் கிளார்க் தோற்றார். இதற்கு ஓட்டு விழும் என்பதை அரசியல் தரகர்கள் அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தார்கள்.

வெள்ளையர் பள்ளிகளின் வரிவிலக்கில்தான் எல்லாம் தொடங்கியது என்கிறார்களே, உண்மையா?

பெரும்பங்கு உண்மை இருக்கிறது. கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்க விரும்பாத வெள்ளையர்கள் தெற்கில் தனிப்பள்ளிகள் தொடங்கினார்கள், பல சர்ச் பெயரில். இனம் பார்த்துச் சேர்க்கும் பள்ளிக்கு வரிவிலக்கு இல்லை என்று 1971ல் கோர்ட் சொன்னது. 1976ல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் விலக்கு பறிபோனது. 1978ல் வருமானவரித் துறை இன்னும் கெடுபிடி செய்யப்போவதாக அறிவிக்க, அதுவரை அரசியல் வேண்டாம் என்றிருந்த போதகர்கள் கொந்தளித்தார்கள். பழமைவாதச் சிந்தனைக் குழுவான ஹெரிடேஜ் அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் வைரிக், சுவிசேஷ சபையினரை அரசியலுக்கு இழுத்தது இந்தப் பள்ளிப் பிரச்சினைதான், கலைப்பு அல்ல என்று பிற்பாடு சொன்னதை வரலாற்றாளர் ராண்டல் பால்மர் எழுதியிருக்கிறார். இனப் பள்ளியைக் காப்பாற்றுங்கள் என்று ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்க முடியாது. குழந்தையைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கலாம். 1979ல் வைரிக்கும் போதகர் ஜெர்ரி ஃபால்வெல்லும் சேர்ந்து மாரல் மெஜாரிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கலைப்பைப் பற்றி ஃபால்வெல் முதல் பிரசங்கம் செய்ததே 1978ல்தான்.

அப்படியென்றால் அவர்கள் நம்பிக்கையெல்லாம் வேஷமா?

இந்தக் கேள்வியில் நம் ஆட்கள் சட்டென்று ஆமாம் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ரோ தீர்ப்புக்கு முன்பே, 1972ல், மிச்சிகனிலும் வடக்கு டகோட்டாவிலும் தளர்வு வேண்டுமா என்று மக்களிடமே கேட்டபோது பெரிய வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள். அந்த எதிர்ப்பை எந்தத் தரகரும் உண்டாக்கவில்லை. தீர்ப்புக்குப் பிறகு கலைப்புகளின் எண்ணிக்கை ஏறியது, சாதாரண விசுவாசிகளை அது நிஜமாகவே உலுக்கியது. கருவின் படங்கள் பத்திரிகையில் வந்தன, அப்புறம் அல்ட்ராசவுண்ட் வந்தது. கருப்பு வெள்ளையில் ஒரு சின்னக் கை அசைவதைப் பார்த்தவள் நானும்தான், அந்த உணர்வைப் பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஃபிரான்சிஸ் ஷேஃபர் என்ற சிந்தனையாளரும் குழந்தைகள் அறுவை நிபுணர் எவரெட் கூப்பும் 1979ல் சர்ச் சர்ச்சாகப் போய்ப் பேசினார்கள், படம் போட்டுக் காட்டினார்கள். கூப் பின்னால் ரீகனின் தலைமை மருத்துவ அதிகாரியானார். கலைப்பு பெண்களின் மனநலத்தைக் கெடுக்கிறது என்று அறிக்கை கொடுக்கச் சொன்னபோது, ஆதாரம் போதாது என்று மறுத்துவிட்டார். நம்பிக்கையும் நேர்மையும் ஒரே ஆளிடம் இருக்க முடியும்.

நம்பிக்கை உண்மை. அதை எந்தக் கட்சியோடு, வேறு எந்தெந்தக் கோரிக்கைகளோடு சேர்த்து முடிச்சுப் போடுவது என்பதை மட்டும் சிலர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள்.

முடிச்சு இறுகியது 1980ல். கலிபோர்னியாவில் கையெழுத்துப் போட்ட ரீகன், டல்லாஸில் ஆயிரக்கணக்கான போதகர்கள் முன் நின்று, நீங்கள் என்னை ஆதரிக்க முடியாது என்று தெரியும், ஆனால் நான் உங்களை ஆதரிக்கிறேன் என்றார். தெற்கு பாப்டிஸ்ட் சபையும் அதே வருஷம் தடைக்குச் சாசனத் திருத்தம் கேட்டது. மூத்த புஷ் துணை அதிபர் வேட்பாளராகி நிலைப்பாட்டை மாற்றினார். மறுபக்கம் ஜனநாயகக் கட்சியின் ஜெஸ்ஸி ஜாக்சன், அல் கோர் ஆகியோர் எதிர்த்திசையில் நகர்ந்தார்கள். 1992ல் கலைப்பை எதிர்த்த பென்சில்வேனியா ஆளுநர் ராபர்ட் கேசிக்குச் சொந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் பேச இடமே கிடைக்கவில்லை.

கொலைவரைக்கும் போனதா?

போனது. 1993ல் ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் டாக்டர் டேவிட் கன் கிளினிக்குக்கு வெளியே சுடப்பட்டார். அடுத்த வருஷம் அதே ஊரில் டாக்டர் ஜான் பிரிட்டன். 2009ல் கான்சஸில் டாக்டர் ஜார்ஜ் டில்லர் தன் சர்ச்சிலேயே, ஞாயிறு ஆராதனை நேரத்தில். எதிர்ப்பு இயக்கத்தில் இருந்த பெரும்பாலோர் இதைக் கண்டித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ரோ தீர்ப்பு எப்படி விழுந்தது?

பொறுமையால். 1992ல், அதே ஆளுநர் கேசியின் மாநிலச் சட்டத்தை எதிர்த்த கேசி வழக்கில் குடியரசுக் கட்சி அதிபர்கள் நியமித்த மூன்று நீதிபதிகளே ரோவின் மையத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். இனி ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் பாடம் படித்தார்கள். நீதிபதியாகத் தகுந்தவர்களைக் கல்லூரிக் காலத்திலிருந்தே அடையாளம் காண ஃபெடரலிஸ்ட் சொசைட்டி என்ற பழமைவாத வக்கீல்கள் அமைப்பு இருந்தது. 2016ல் டிரம்ப் தேர்தலுக்கு முன்பே நீதிபதிகள் பட்டியலை வெளியிட்டார். கோர்சச், கவனா, பேரட் என்று நாலு வருஷத்தில் மூன்று பேர். 2022 ஜூன் 24ல், மிசிசிப்பியின் 15 வாரச் சட்டம் பற்றிய டாப்ஸ் வழக்கில், ரோவும் கேசியும் ரத்து. முடிவு மாநிலங்கள் கைக்குப் போனது.

இப்போது நிலைமை என்ன?

பன்னிரண்டு மாநிலங்களுக்கு மேல் ஏறக்குறைய முழுத்தடை. டெக்சஸில் டாக்டருக்கு ஆயுள் தண்டனைவரை போகலாம். ஆஸ்டினைச் சேர்ந்த அமாண்டா ஜுராவ்ஸ்கிக்கு 2022 ஆகஸ்டில், பதினெட்டு வாரம்கூட முடியாத நிலையில், பனிக்குடம் உடைந்தது. குழந்தை பிழைக்காது என்று டாக்டர்களுக்குத் தெரியும். ஆனால் இதயத்துடிப்பு இருந்ததால் தொடப் பயந்து, ரத்தத்தில் விஷம் ஏறும்வரை காத்திருந்தார்கள். அவர் பிழைத்தது பெரிய விஷயம். வழக்குப் போட்டார், 2024ல் டெக்சஸ் சுப்ரீம் கோர்ட் அவர் தரப்பை ஏற்கவில்லை. இதைப் படிக்கும் கர்ப்பிணிகள் இந்த மாநிலத்தில் இருந்தால், சிக்கல் வந்தால் எங்கே போவது என்பதை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே, கூச்சப்படாமல் கேட்டு வையுங்கள்.

அதே சமயம் மக்களிடம் நேரடியாகக் கேட்ட இடங்களில் பதில் வேறாக வருகிறது. 2022 ஆகஸ்டில் பழமைவாதக் கான்சஸில் 59 சதவீதம் உரிமையை வைத்திரு என்றது. மாத்திரைகள் தபாலில் போகின்றன. 2023ல் நாடு முழுக்க நடந்த கலைப்புகள் 10 லட்சத்தைத் தாண்டின.

இந்தியாவில் ஏன் இது தேர்தல் விஷயமாகவில்லை?

நம் சாஸ்திரங்களும் கருவைக் கொல்வதைப் பெரும்பாவம் என்றுதான் சொல்கின்றன. ஆனாலும் சாந்திலால் ஷா குழு பரிந்துரைத்து 1971ல் கலைப்பை அனுமதிக்கும் சட்டம் வந்தபோது பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை. பெண்கள் கண்ட கண்ட இடத்தில் கலைத்துச் சாகிறார்கள், மக்கள்தொகையும் கூடுகிறது என்ற இரண்டு கவலைதான் அரசுக்கு. அதைப் பாவமா என்று கேட்டு ஓட்டு வாங்கலாம் என்று எந்தக் கட்சிக்கும் தோன்றவில்லை. அந்தச் சட்டம் பெண்ணின் உரிமை என்று சொல்லவும் இல்லை, டாக்டரின் அனுமதி என்றுதான் சொன்னது. நம் ஊரின் காயம் வேறு இடத்தில் இருக்கிறது. பெண் குழந்தை என்று தெரிந்து கலைத்தார்கள், அதற்காக 1994ல் தனிச் சட்டம் வந்தது. பிறந்த பெண் சிசுக்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது.

பக்கத்து வீட்டு அமெரிக்கர்களிடம் இதைப் பேசலாமா?

பேசலாம், வாக்குவாதமாக ஆரம்பிக்காதீர்கள். எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்கு எழுபத்தெட்டு வயது, பிறந்ததிலிருந்து பாப்டிஸ்ட். வாரம் இரண்டு நாள் கர்ப்பிணிகளுக்கு உதவும் ஒரு சர்ச் மையத்தில் டயப்பர், பால் பவுடர், குழந்தைத் துணி அடுக்கிக் கொடுக்கிறார். அந்த ஜனவரிச் சிலுவைகளை நட்டவர்களில் அவரும் ஒருவர். என் மகள் பிறந்தபோது முதலில் வந்து சமைத்துப் போட்டவரும் அவர்தான். போன வருஷம் அவரோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், நீங்கள் சின்னப் பெண்ணாக இருந்தபோது உங்கள் சர்ச்சில் இதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று. ரொம்ப நேரம் யோசித்தார். சூதாட்டம், சாராயம், நடனம் எல்லாவற்றையும் பற்றிப் பிரசங்கம் கேட்டது ஞாபகம் இருக்கிறது என்றார். இதைப் பற்றிப் பிரசங்க மேடையில் முதன்முதலாகக் கேட்டபோது தன் மூத்த மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான் என்றார்.